மணிக்கு மணி பதினேழாவது நிமிடம்: துவக்கத்தில் நேரம் தவறிய ஒரு கணினியின் நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் அதிகாலை, மேற்கு மாவட்டம் ஒன்றின் கிராமத்துத் தொகுப்புப் பால் குளிர்விப்பு மையத்துக்கு வந்த டேங்கர், அமிலத்தன்மைச் சோதனையில் பால் தேறவில்லை என்று ஏற்றாமல் திரும்பியது. முந்தைய நாள் மாலை மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் கிளம்பாததுமே காரணம் என்றார் மையத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மா. தொட்டியின் வெப்பநிலையைப் பதியும் கணினி வேறு கதை சொன்னது. மின்சாரம் போனது பிற்பகல் 3.52-க்கு, கணினியின் பதிவிலோ 3.20-க்கே பால் 9 டிகிரியைத் தாண்டியிருந்தது. மின்சாரம் இருந்தபோதே அவர் குளிர்விப்பானை நிறுத்தி வைத்திருந்தார் என்றுதான் அந்தப் பதிவைப் படித்த எவருக்கும் தோன்றும். கெட்ட பாலின் விலையை அவருடைய சம்பளத்தில் பிடிப்பது என்ற பேச்சும் எழுந்துவிட்டது.

"கரண்ட்டு போன பொறகுதானுங்க சூடு ஏறுச்சு. நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன், பாருங்க. இந்தப் பெட்டி முன்னாடியே ஏறுச்சுங்குது" என்று அவர் பதிவேட்டை நீட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணிக்கு 4, ஐந்து மணிக்கு 5, ஆறு மணிக்கு 9 என்று நீல மையில் எழுதியிருந்தார். அந்தப் பெட்டியைப் பொருத்தியவனும் அதில் ஓடும் பதிவு நிரலை எழுதியவனும் நான்தான் என்பதால், இரண்டில் எது பொய் என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

கணினி ஒரு ராஸ்பெரி பை, அதாவது ஒரே பலகையில் அமைந்த சிறிய, மலிவான கணினி. உணரியின் அளவை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, நேரத்தோடு சேர்த்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதும். இணையம் ஒரு மொபைல் டாங்கிள் வழியாக வருகிறது. யு.பி.எஸ். கிடையாது, மின்சாரம் போனால் கணினியும் அணைந்துவிடும், வந்தால் தானே எழுந்துகொள்ளும்.

அன்றைய பதிவைத் திறந்தபோது கண்ட வரிகளை அப்படியே தருகிறேன்:

3.15 — 4.1
3.20 — 9.2
3.25 — 9.2
3.30 — 9.3
3.35 — 9.1
3.40 — 8.9
3.45 — 4.0
3.50 — 4.1
6.10 — 8.8

தொட்டியில் அப்போது காலை வரவான பால் சுமார் ஆயிரம் லிட்டர் இருந்தது. 3.40-க்கும் 3.45-க்கும் இடையில் அது 8.9-லிருந்து 4.0-க்கு இறங்கியதாகப் பதிவு சொல்கிறது. ஒரு கிலோ பாலை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 3.9 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ஆயிரம் லிட்டரை ஐந்தே நிமிடத்தில் இவ்வளவு இறக்க 65 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம் தேவை. அங்கிருந்த கம்ப்ரசருக்கு அதில் பத்தில் ஒரு பங்குத் திறன்கூடக் கிடையாது. ஆகவே 3.20 முதல் 3.40 வரையான ஐந்து வரிகள் அந்த நேரத்துக்கு உரியவையாக இருக்க முடியாது. மேலும், 8.9-க்கு அடுத்து இயல்பாக வரக்கூடிய அளவு 6.10-இல் உள்ள 8.8 என்பதையும் கவனிக்க வேண்டும். அளவுகளில் தவறு இல்லை. அவற்றின் மேல் ஒட்டப்பட்ட நேரச்சீட்டுதான் தவறு என்ற ஐயம் இங்கேதான் தொடங்கியது.

முதலில் நான் பிடித்த நூல் தவறானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதிவைப் பார்க்கப் பயன்படும் அலுவலகக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களும் ஒருங்கே இருக்கின்றன. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறித் துவக்கும்போதெல்லாம் நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போவது நம் நாட்டில் இப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை. அதுதான் இங்கேயும் விளையாடுகிறது என்று அரைநாள் அதிலேயே கழித்தேன். ஆனால் அந்த வரிகளை ஐந்தரை மணி நேரம் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அவை எங்கும் பொருந்தவில்லை. பிழையின் அளவு என்ன என்பதை முதலில் கணக்கிட்டிருந்தால் அந்த அரைநாள் மிஞ்சியிருக்கும்.

சான்று தரவுத்தளத்துக்குள்ளேயே இருந்தது. எஸ்க்யூலைட் ஒவ்வொரு வரிக்கும், நாம் கேட்காமலே, உள்ளுக்குள் ஒரு வரிசை எண்ணைக் கொடுத்துக்கொள்ளும். புதிதாக நுழையும் வரிக்கு அதுவரை உள்ள பெரிய எண்ணுக்கு அடுத்த எண் கிடைக்கும். 3.15-இன் எண் 48,210. 3.45-இன் எண் 48,216, 3.50-இன் எண் 48,217. இடையில் 48,211 முதல் 48,215 வரை ஐந்து எண்களைக் காணவில்லை. 3.20 முதல் 3.40 வரையான வரிகள் தாங்கியிருந்தவை 48,218 முதல் 48,222 வரையான எண்கள், 6.10-க்கு 48,223. அதாவது, மாலை 3.20-க்கு எழுதப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட வரி, 3.50-இன் வரிக்குப் பிறகு எழுதப்பட்டது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தபின் எழுதப்பட்ட ஐந்து அளவுகள், பழைய நேரத்தைப் போட்டுக்கொண்டு வந்து, உண்மையான ஐந்து அளவுகளை அழித்துவிட்டு அவற்றின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. அழிக்க இடம் கொடுத்தது என் நிரல். நேரத்தையே முதன்மைத் திறவாக, அதாவது ஒரு வரியை மற்றதிலிருந்து பிரித்தறியும் அடையாளமாக, வைத்து, அதே நேரத்துக்கு இரண்டாவது வரி வந்தால் பழையதை மாற்றி எழுது என்று நான் கட்டளையிட்டிருந்தேன். ஒரே நேரம் இரண்டு முறை வரக்கூடும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் மேல் இருந்த பழி அன்றே நீங்கியது. இந்த எண்களை ஒரு தாளில் அச்சிட்டு, அவருடைய பதிவேட்டுப் பக்கத்தின் நகலோடு சேர்த்துக் கொடுத்தேன். பிறகுதான், கணினி ஏன் 3.17 அளவில் கண்விழித்தது என்ற கேள்விக்குப் போனேன்.

கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்துவைப்பது மதர்போர்டில் உள்ள ஒரு சிறு கடிகாரச் சில்லு. 1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. முதற்கொண்டு மேசைக் கணினிகளில் இது மின்கலத்தோடு உடன் வருகிறது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதற்கு இதயத் துடிப்பு. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது என்பதால், பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு விநாடி கிடைத்துவிடும். கணினி எழுந்ததும் இயங்குதளம் இந்தச் சில்லிடம் நேரத்தை ஒரே ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குமேல் தன் சொந்தக் கணக்கில் ஓடும். இணையம் கிடைத்ததும், நேர சர்வர்களிடம் கேட்டு வாங்கும் என்.டி.பி. முறை வழியாகத் திருத்திக்கொள்ளும். ராஸ்பெரி பையில் விலையைக் குறைப்பதற்காக அந்தச் சில்லை வைக்கவே இல்லை. 2012-இல் வந்த முதல் மாதிரியிலிருந்து நான்காம் மாதிரி வரை இதுதான் நிலை; 2023-இல் வந்த ஐந்தாம் மாதிரியில்தான் சில்லு வந்தது, அதற்கும் மின்கலத்தைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

கடிகாரமே இல்லாத கணினி எழுந்திருக்கும்போது இயல்பாக 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். அந்தக் கேட்டைத் தவிர்க்க, ராஸ்பெரி பையின் இயங்குதளத்தில் ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்ற சிறு நிரல் இருந்தது. பெயரே பொய்க் கடிகாரம் என்றுதான் பொருள்படும், ஒளிவுமறைவு இல்லை. அது செய்வது இவ்வளவுதான்: கணினியை முறையாக அணைக்கும்போதும், மணிக்கு ஒருமுறையும், அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும், அடுத்த முறை எழுந்ததும் அந்தக் கோப்பில் உள்ளதையே இப்போதைய நேரமாக வைத்துக்கொள்ளும்.

மணிக்கு ஒருமுறை என்பது எந்த நிமிடத்தில் என்பதில்தான் விடை இருந்தது. இந்தக் கணினியில் உள்ளதைப் போல டெபியன் லினக்ஸின் வழி வந்த இயங்குதளங்களில், மணிதோறும் செய்ய வேண்டிய வேலைகளை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் என்ற நிரல் ஒவ்வொரு மணியின் பதினேழாவது நிமிடத்திலும் எழுப்பும். மின்சாரம் 3.52-க்குத் திடீரென்று போனதால் முறையாக அணைக்கும் வாய்ப்பே இல்லை. கோப்பில் கடைசியாக இருந்தது 3.17. மாலை 5.40-க்கு மின்சாரம் வந்து கணினி எழுந்தபோது, இடையில் எதுவுமே நடக்காததுபோல, 3.17-லிருந்து அது தொடர்ந்தது. அதன் 3.20 என்பது உண்மையில் 5.43. டவரிலும் மின்சாரம் தடுமாறியதாலோ என்னவோ டாங்கிளுக்கு இணைப்பு கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. 6.06-க்கு நேர ஒத்திசைவைக் கவனிக்கும் குரோனி ஒருவழியாக என்.டி.பி. சர்வரோடு பேசி, கடிகாரத்தை 8,587 விநாடி, அதாவது 2 மணி 23 நிமிடம் 7 விநாடி, முன்னுக்குத் தள்ளியதாக, இயங்குதளத்தின் நிகழ்வுக் குறிப்பேடான சிஸ்லாகில் எழுதி வைத்திருக்கிறது. நடுவே கழிந்த இருபத்தாறு நிமிடத்தில் எழுதப்பட்டவைதான் அந்த ஐந்து வரிகள்.

இதை உறுதிசெய்யப் பழைய சிஸ்லாக் கோப்புகளில் மின்தடைக்குப் பிந்தைய துவக்கங்களை மட்டும் பிரித்தெடுத்தேன். 11.17, 7.17, 2.17, மீண்டும் 7.17. மணி மாறிக்கொண்டே போயிற்று, நிமிடம் மாறவில்லை. நேரக் கோப்பைத் திறந்து பார்த்தபோது மட்டும் ஒரு கணம் குழம்பினேன், ஏனென்றால் காலை 11.40-க்கு அதில் 05:47:01 என்று இருந்தது. கோப்பில் உலகப் பொது நேரம் எழுதப்படுகிறது. நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நம்முடைய பதினேழு அங்கே நாற்பத்தேழாகிவிடுகிறது. அந்தத் துவக்கங்களின் கோப்பு முறைமைச் சோதனையிலும், வட்டின் கடைசி எழுத்து நேரம் எதிர்காலத்தில் உள்ளது, ஒரு நாளுக்குள் என்பதால் கடிகாரம் தவறாக இருக்கக்கூடும் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் பதிவாகியிருந்தது. ஒரு நாளுக்குட்பட்ட வேறுபாடு என்பதால் சோதனை அதைப் பொறுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. நானும் இரண்டு ஆண்டுகளாக அதைப் படிக்காமலே மேலே போயிருக்கிறேன்.

இந்த நிகழ்வில் எனக்கு உறுத்துவது நேரம் தவறியது அல்ல. 1970 என்று காட்டியிருந்தால் எந்தக் குழந்தையும் சிரித்து ஒதுக்கியிருக்கும். பொய்க் கடிகாரம் தரும் நேரம் நம்பும்படி இருந்தது. இன்றைய தேதி, வேலை நேரம், இரண்டு மணி நேரப் பிழை. ஒத்திசைவு பெற்ற நேரத்துக்கும் இந்த ஊகத்துக்கும் வேறுபாடு காட்டும் எதையும் கணினி பதிவு நிரலிடம் சொல்லவில்லை, நிரலும் கேட்கவில்லை. ஆகவே சரிசெய்வதை இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொண்டேன்: துவக்கத்தில் கிடைக்கும் நேரத்தை இயன்றவரை மெய்யாக்குவது ஒன்று, அது மெய்யென்று உறுதியாகும்வரை ஊகம் என்று நிரல் அறிந்திருக்கச் செய்வது மற்றொன்று.

முதல் வேலைக்கு டி.எஸ்.3231 என்ற கடிகாரச் சில்லு பொருத்திய சிறு பலகையை வாங்கினேன். சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழைபட்டாலே நாளுக்கு 1.7 விநாடி ஓடிவிடும். இந்தச் சில்லு வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்வதால், 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் நிற்கும். ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரைக்குக் கீழே வைக்கப்பட்ட பெட்டிக்கு இது தேவைதான்.

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நீலநிறப் பலகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் மின்னேற்றத்தக்க எல்.ஐ.ஆர்.2032 மின்கலத்துக்கென ஒரு ஏற்றச் சுற்று, ஒரு டையோடும் ஒரு மின்தடையுமாக, அமைந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண சி.ஆர்.2032 மின்னேற்றக் கூடாதது. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் அந்த வட்ட மின்கலத்துக்குள் மின்சாரம் பாய்ந்து அது உப்பும். ராஸ்பெரி பையின் தரவு ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா என்பதால் பலகைக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் டையோடைத் தாண்டி மின்கலத்துக்குப் போவது 3 வோல்ட்டுக்கும் குறைவு, ஆகவே ஆபத்தில்லை. இருந்தாலும் நாளை வேறொருவர் கம்பியை 5 வோல்ட்டில் செருகக்கூடும் என்பதால், ஏற்றச் சுற்றின் மின்தடையைச் சால்டரிங் அயர்ன் கொண்டு எடுத்துவிட்டேன்.

பலகையைச் செருகி, துவக்கக் கோப்பில் சில்லின் பெயரைச் சொல்லும் வரியைச் சேர்த்து, கணினியை மீண்டும் எழுப்பினேன். நேரம் அப்போதும் 17-லேயே தொடங்கியது. கைக்கட்டளையால் கேட்டால் சில்லு சரியான நேரத்தைச் சொல்கிறது. துவக்கத்தில் மட்டும் அதை யாரும் கேட்கவில்லை. காரணம் இரண்டு. பொய்க் கடிகார நிரலை நான் நீக்கவில்லை. அது தன் கோப்பை முந்திக்கொண்டு ஏற்றிவிட்டது. இரண்டாவது, சில்லு தென்பட்டதும் அதன் நேரத்தை இயங்குதளத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய சிறு கட்டளைக் கோப்பின் தலையிலேயே, துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் ஓடிக்கொண்டிருந்தால் எதுவும் செய்யாமல் வெளியேறு என்று மூன்று வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பணியை லினக்ஸின் உள்மையமான கருவே முன்கூட்டிச் செய்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது. மேசைக் கணினியில் அந்த நம்பிக்கை பலிக்கும், கரு எழுந்து வெகுநேரம் கழித்துச் சில்லின் இயக்கி ஏறும் இந்தக் கணினியில் பலிக்காது. பொய்க் கடிகாரத்தை நீக்கி, அந்த மூன்று வரிகளையும் செயலிழக்கச் செய்தபின் துவக்க நேரம் ஒரு விநாடிக்குள் சரியாக வந்தது.

இதே அமைப்பை மற்ற மையங்களுக்கும் கொண்டுபோகும் முன்னால், நான் எதிர்பார்க்காத இரண்டாவது பழுது எதிரே வந்தது. மாற்றுக் கணினியாக அலமாரியில் மூன்று வாரம் கிடந்த இன்னொரு ராஸ்பெரி பையை, சில்லு பொருத்தாமலே, ஒரு மையத்தில் அவசரத்துக்குச் செருகினேன். இணைப்பு நன்றாக இருந்தும் அதன் நேரம் நாள் முழுவதும் திருந்தவில்லை. இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை எண் முகவரிகளுக்குப் போகிறது. எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்கவில்லை. குரோனியிடம் கேட்டால் பேசுவதற்கு ஒரு சர்வர்கூட இல்லை என்கிறது.

மொபைல் இணைப்பின் டி.என்.எஸ்., அதாவது பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் சேவை, அடிக்கடி சொதப்புவதால், கணினியிலேயே அன்பவுண்ட் என்ற பெயர் தேடும் நிரலை நிறுவி, வரும் விடைகளின் கையொப்பத்தைப் பார்க்கும் டி.என்.எஸ்.செக் சரிபார்ப்பையும் இயக்கியிருந்தேன். 2010 ஜூலை முதல் டி.என்.எஸ். மரத்தின் வேரே கையொப்பமிடப்பட்டது; ஒவ்வொரு கையொப்பத்துக்கும் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை செல்லும் என்ற வரம்பு உண்டு. மூன்று வாரம் பின்தங்கிய கடிகாரத்துக்கு, இன்று வந்த கையொப்பங்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. ஆகவே அன்பவுண்ட் அவற்றைப் போலி என்று ஒதுக்குகிறது, என்.டி.பி. சர்வரின் பெயருக்கு முகவரி கிடைப்பதில்லை, நேரம் திருந்துவதில்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை இதைவிடச் சுத்தமாக விளக்கும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. கையால் தேதியை மாற்றியதும், அடுத்த நிமிடத்துக்குள் பெயரும் கிடைத்தது, நேரமும் விநாடி சுத்தமாக வந்தது.

பால் மையத்தின் மின்தடைகளில் இது ஏன் தலைகாட்டவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. கடிகாரங்கள் சற்றே பிசகும் என்பதற்காக அன்பவுண்ட் கையொப்ப வரம்பில் குறைந்தது ஒரு மணி நேரமும் அதிகம் போனால் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கும். இரண்டு மணி நேரத் தடையில் பெரும்பாலான கையொப்பங்கள் பழைய கடிகாரத்துக்கும் செல்லுபடியாகவே இருக்கும். நாள்கணக்கில் அணைந்து கிடந்தால்தான் முடிச்சு இறுகும். அதனால்தான் பணிமனையில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது பிடிபடாது. பெயர் தேடல் தோற்கத் தோற்க, குரோனி மறுமுயற்சிகளுக்கு இடையிலான நேரத்தை நீட்டிக்கொண்டே போகும் என்பதும் தாமதத்தைக் கூட்டியது.

முடிச்சை அவிழ்க்க எளிய வழி, என்.டி.பி. சர்வரை எண் முகவரியாகவே எழுதிவிடுவது. அதை நான் செய்யவில்லை. 2003-இல் வீட்டு ரவுட்டர்களில் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரி அப்படி நிரந்தரமாக எழுதப்பட்டு வெளிவந்ததால், அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் உலகெங்கிலும் இருந்து கேள்விகள் வெள்ளமாய்ப் பாய்ந்த கதை இத்துறையில் பலரும் அறிந்தது. ஒருமுறை பொருத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்காத பெட்டிக்குள் பிறருடைய எண்ணை எழுதி வைப்பது முறையல்ல. அதற்குப் பதிலாக, நேர சர்வர்களின் பெயர்களுக்கு மட்டும் கையொப்பச் சரிபார்ப்பிலிருந்து அன்பவுண்டில் விலக்கு அளித்தேன். போலி முகவரி நுழைய இது சிறு கதவைத் திறக்கிறது என்பது உண்மை. ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்களை வைத்து, பெரும்பான்மைக்கு ஒவ்வாததைக் குரோனி தள்ளிவிடும்படி விட்டது அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். சர்வர்களைத் தேர்ந்தபோது, 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணைக்கேற்ப, தேசிய தகவலியல் மையம், புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் நேர சர்வர்களை முன்வைத்தேன். நேரம் உண்மையான சர்வரிடமிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் என்.டி.எஸ். முறைக்கு இப்போதைக்குப் போகவில்லை; அதன் சான்றிதழ் சரிபார்ப்பும் சரியான நேரத்தையே முதலில் கேட்கும்.

இரண்டாவது வேலையான நிரலில் தான் அதிக நாள் போயிற்று. வழக்கமான அறிவுரை, நேரம் ஒத்திசையும்வரை நிரலைத் துவக்காமல் காத்திருக்கச் செய்வது. சிஸ்டம்டியில் இதற்கென ஒரு நிலைக்கல், அதாவது துவக்கத்தில் இந்தக் கட்டம் எட்டியாயிற்று என்று காட்டும் குறி, உண்டு. குரோனியோடு வரும் காத்திருப்புச் சேவையை இயக்கினால், கடிகாரம் பத்தில் ஒரு விநாடிக்குள் சரியாகும்வரை, அதிகபட்சம் 180 விநாடி, அது பிறரைத் தடுத்து நிறுத்தும். இணையம் வந்துவிட்டது என்ற நிலைக்கல்லுக்குப் பிறகு துவக்கு என்று மட்டும் எழுதினால் போதாது. இணைப்பு வந்ததற்கும் நேரம் திருந்தியதற்கும் இடையில் எவ்வளவு காலமும் போகலாம். கணக்குப் பதிவு, டிக்கெட் வழங்கல் போன்ற வேலைகளுக்குக் காத்திருப்பதே சரி. பால் தொட்டிக்கு அது பொருந்தாது. அன்று இருபத்தாறு நிமிடம் இணைப்பு இல்லை; மின்சாரம் வந்த உடனேயான அந்த இருபத்தாறு நிமிடத்தின் வெப்பநிலைதான் பால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் பதிவு. நேரம் தெரியவில்லை என்பதற்காக அளவையே எடுக்காமல் விடுவது, சாட்சிக்கு மணி பார்க்கத் தெரியாது என்று சாட்சியத்தையே கேட்காமல் அனுப்புவது போன்றது.

எனவே நிரலை வேறு விதமாக மாற்றினேன். லினக்ஸ் ஒவ்வொரு துவக்கத்துக்கும் ஒரு புதிய அடையாள எண் தருகிறது. துவக்கம் முதல் கழிந்த விநாடிகளை எண்ணும் மோனோடோனிக் கடிகாரம் ஒன்றும் உண்டு. யார் தேதியை மாற்றினாலும் அது தாவாது, பின்னோக்கிப் போகவே போகாது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் திறவு, துவக்க எண்ணும் அந்த விநாடிக் கணக்கும் சேர்ந்தது. சுவர் நேரம் தனியொரு பத்தி. அதனருகே அது உறுதியா ஊகமா என்று காட்டும் இன்னொரு பத்தி. உறுதி என்பதை நிரல் தானாக முடிவு செய்வதில்லை. ஒத்திசைவு இல்லை என்று லினக்ஸ் கரு வைத்திருக்கும் கொடி இறங்கிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறது. குரோனியின் அமைப்பில் சில்லோடு ஒத்திசைக்கும் வரி இருந்தால்தான் அந்தக் கொடி இறங்கும். இறங்கியபின் கரு பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை திருந்திய நேரத்தைச் சில்லிலும் எழுதி வைக்கும். கொடி இறங்கிய கணத்தில், சுவர் நேரத்துக்கும் விநாடிக் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை நிரல் குறித்துக்கொண்டு, அதே துவக்க எண் கொண்ட முந்தைய ஊக வரிகள் அனைத்துக்கும் சரியான நேரத்தைத் திரும்பக் கணக்கிட்டு நிரப்புகிறது. ஐந்து நிமிட இடைவெளியையும் இப்போது இந்தக் கடிகாரமே தீர்மானிப்பதால், நேரம் தாவும்போது அளவுகள் விடுபடுவதில்லை.

ஒத்திசைவு கிடைக்கும் முன்பே மறுபடியும் மின்சாரம் போய்விட்டால், அந்தத் துவக்கத்தின் வரிகள் சில்லின் நேரத்தோடு ஊகமாகவே நின்றுவிடும். அவற்றை எப்படியாவது சரிகட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஊகம் என்ற குறியோடு இருப்பதே நேர்மை.

சோதனையை மோசமான நிலைக்கு ஏற்பவே வைத்துக்கொண்டேன். டாங்கிளைக் கழற்றிவிட்டு, ஒரு மணியின் பதினைந்தாவது நிமிடத்தில் செருகியைப் பிடுங்கினேன். பழைய அமைப்பாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பதிவு அழிபடும் இடம் அது. நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் கொடுத்தபோது சில்லின் நேரம் கைப்பேசியோடு பொருந்தியது, வரிகள் ஊகக் குறியோடு விழுந்தன, எதுவும் அழியவில்லை. பிறகு சில்லின் மின்கலத்தையும் கழற்றி, அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். இம்முறை தேதியே தாறுமாறாக இருந்தது. டாங்கிளைச் செருகிய மூன்று நிமிடத்தில் ஊக வரிகள் அனைத்தும் தத்தம் உண்மை நேரத்தில் போய் உட்கார்ந்தன.

அழிந்துபோன அந்த ஐந்து அளவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. அன்றைய அறிக்கையில் 3.20 முதல் 3.40 வரை காலியாக விட்டு, பக்கத்தில் பதிவேட்டு எண்ணைக் குறித்திருக்கிறோம்.

கார்த்திகையில் ஒரே மாலையில் மூன்று முறை மின்சாரம் போய் வந்தது. அந்த அறிக்கையில் இரண்டு வரிகளுக்கு முன்னால் அலைக்குறி விழுந்திருந்தது. தரம் பார்க்க வந்த அலுவலர் அது என்ன குறி என்று கேட்டிருக்கிறார். "அது உத்தேசங்க. நெட்டு வர்றதுக்குள்ள கரண்ட்டு போயிருச்சு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். நிரலில் அந்தப் பத்தியின் தலைப்பை ஊகம் என்பதிலிருந்து உத்தேசம் என்று மாற்றிவிட்டேன்.